குங்குமம் வைத்த பேட்டரி

சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி திருப்பினேன். 'டக் டக் டக்' என்று வரிசையாக வந்தது. டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் மங்கி, ஒன்றாக அணைந்தன. காலை மணி எட்டு பதினெட்டு.

பின் சீட்டில் அம்மா பட்டுப் புடவையில், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். என் பக்கத்தில் மாமா. அம்மாவின் தம்பி, கம்மாபுரத்திலிருந்து முந்தின நாளே வந்துவிட்டார். டிக்கியில் நூற்றிருபது டிபன் பொட்டலங்கள். பத்தரை மணிக்கு சிதம்பரத்தில் அம்மாவின் பிஎச்.டி. வைவா.

அம்மா மேல்நிலைப் பள்ளியில் பொருளாதாரம் நடத்துகிறாள். கடலூர் துறைமுகத்தில் மீன் எடுத்து, கூடையோடு டவுன் பஸ் ஏறி, தெருத்தெருவாக விற்கும் பெண்களைப் பற்றி ஒன்பது வருடம் பகுதி நேரமாக ஆய்வு செய்தாள். அதன் கடைசிப் படி இந்த வைவா. வெளி மாநிலத்திலிருந்து ஒரு தேர்வாளர் வந்து, சபை நடுவில் கேள்வி கேட்பார்; பதில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இரண்டு தேதி போயிருந்தது. ஒன்று தேர்வாளரின் காய்ச்சலில், இன்னொன்று புயல் மழையில். இப்போது அவர் கேரளாவிலிருந்து வந்து சிதம்பரத்தில் தங்கியிருந்தார். ஒரு மணிக்கு அவருக்குத் திரும்பும் ரயில். அதைத் தாண்டினால் நான்காவது தேதி எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

வைவாவுக்கு வருகிறவர்களுக்கு டிபன் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் கட்டாயம் என்று சொல்வதில்லை, ஆனால் கொடுக்காதவரையும் நான் பார்த்ததில்லை. அப்பா அதிகாலை பஸ்ஸிலேயே போய் நாற்காலி, டீ, புரொஜெக்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டலங்களும் அம்மாவும் என் பொறுப்பு. போனில் இருபத்து மூன்று வரி பட்டியல் வைத்திருந்தேன். ஆய்வேட்டின் மூன்று பிரதி, பென் டிரைவ் இரண்டு, அம்மாவின் பிரஷர் மாத்திரை, தேர்வாளருக்குச் சால்வை. பேட்டரி அந்தப் பட்டியலில் இல்லை.

"நேத்து சாயங்காலம் நல்லாத்தானே இருந்துச்சு," என்றேன். "நான்தானே ஓட்டிட்டு வந்து விட்டேன்."

பின் சீட்டில் அம்மா லேப்டாப் மேல் இல்லாத தூசியைத் தட்டினாள். அம்மா இல்லாத தூசியைத் தட்டினால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"அம்மா."

"காத்துதான்டி வச்சேன். ஏசி கூட போடல."

முந்தின நாள் மாலையிலிருந்தே எதிர்வீட்டில் காதுகுத்துக்கு மைக் செட் கட்டியாகிவிட்டது. கூம்பு ஒலிபெருக்கி இரண்டு, ஒன்று எங்கள் ஜன்னலைப் பார்த்து. வீட்டுக்குள் நின்று பேசினால் தன் குரலே தனக்குக் கேட்கவில்லை என்று அம்மா காருக்குள் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள் விளக்கைப் போட்டு, சாவியைப் பாதி திருப்பி, காற்றை மூன்றில் வைத்து, போனைச் சார்ஜில் போட்டு, மூன்று மணி நேரம் ஒத்திகை பார்த்திருக்கிறாள்.

"என்ஜின் ஓடலயே. ஓடாதப்ப என்னா செலவாவப் போவுது?"

பொருளாதாரத்தில் இப்படி ஒரு வாதத்தை மாணவன் சொன்னால் அம்மா பெஞ்சு மேல் ஏற்றியிருப்பாள். ஆனால் வைவா நாளன்று காலையில் அம்மாவிடம் என்ன சொல்லக்கூடாது என்பதற்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன்.

மாமா அதற்குள் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "தள்ளிடலாம் பாப்பா. நீ செகண்டுல போட்டு க்ளச்ச விடு."

"க்ளச்சே இல்ல மாமா. இது ஆட்டோமேட்டிக்."

"க்ளச்சு இல்லாம எதுக்கு ஒரு காரு?"

"அம்மா முட்டி வலிக்குதுன்னு நீங்கதானே இந்த வண்டிய வாங்கச் சொன்னீங்க."

"அப்ப இது செத்துப்போவும்னு தெரியுமா?"

வாடகைக் கார் ஸ்டாண்டுக்கு அடித்தேன். ஆவணி முகூர்த்தம், எல்லா வண்டியும் கல்யாணத்துக்குப் போயிருந்தது. திரும்பி வர ஒன்பதரை ஆகும் என்றார்கள். அப்போதே ஒரு முடிவு எடுத்தேன். எட்டு ஐம்பது வரை முயற்சி. அதற்குள் கிளம்பவில்லை என்றால் அம்மா மட்டும் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு போய், சிதம்பரம் பஸ்ஸைப் பிடிப்பாள். கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்குமா, பஸ் எங்கே எவ்வளவு நேரம் நிற்கும், அதெல்லாம் அவள் அதிர்ஷ்டம். நின்றுகொண்டே போய் இறங்கி நேராகக் கேள்விக்கு முன்னால் நிற்க வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். "சரி," என்றாள். மடியில் லேப்டாப்பைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். சரியில்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நிமிடம் எனக்குள்ளே பயத்தைவிடக் குஷிதான் ஜாஸ்தி. நான் மின்னியல் படித்தவள். கடலூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை. நானூற்று நாற்பது வோல்ட் பலகைகளை மூன்று வருடமாகத் திறந்து மூடுகிறேன். ஆனால் ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்கு கரண்ட் கொடுத்துக் கிளப்பியதே இல்லை. அதற்கென்றே இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜம்பர் கேபிள் வாங்கி வைத்திருந்தேன். ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு, முனைகளில் முதலை வாய் போலக் கவ்விகள். உறைகூடப் பிரிக்கவில்லை. அது இருந்த இடம் டிக்கியின் அடியில். அதன் மேல் நூற்றிருபது பொட்டலங்கள்.

மாமாவும் நானும் பொட்டலங்களை எடுத்து வாசல் படியில் அடுக்கினோம். எதிர்வீட்டு மைக் செட்காரர் சாலையைக் கடந்து வந்தார். நாற்பது வயசு இருக்கும். காதில் ஒரு பேனா, வாயில் பீடி.

"என்னா டீச்சர், இங்கியும் விசேஷமா? பந்தி எத்தினி மணிக்கு?"

அம்மா கண்ணாடியை இறக்க முயன்றாள், இறங்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினாள். "உங்க பாட்டாலதான் தம்பி என் வண்டி நின்னுபோச்சு."

"பாட்டுக்கு வண்டி ஆடும் டீச்சர். நின்னுபோனத இப்பத்தான் கேக்கறேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவருடைய குட்டி யானை, அதுதான் சின்ன லோடு வண்டி, வேலையில்லாமல் தெருவில் நின்றிருந்தது. அதற்கும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிதான். மூடியில் எழுதியிருந்ததை ஓடிப்போய்ப் படித்துவிட்டு வந்தேன். பக்கத்துத் தெருவில் லாரி ஒன்று நிற்கிறது, அதில் இன்னும் பெரிய பேட்டரி என்று மாமா சொன்னார். லாரியில் இரண்டு பேட்டரியைச் சேர்த்து இருபத்து நான்கு வோல்ட் வைத்திருப்பார்கள், அதைக் கொடுத்தால் நம் வண்டியின் கம்ப்யூட்டரே பொசுங்கிவிடும் என்றேன்.

"காருக்குள்ள கம்ப்யூட்டரா? அதான் மூள குழம்பி நிக்குது," என்றார் மாமா.

மைக் செட்காரர் ஒரு சுருள் ஒயரைத் தோளில் போட்டு வந்தார். ஸ்பீக்கர் ஒயர், நூல் மாதிரி. "இது போதுமே. முந்நூறு அடி இழுத்தாலும் பாட்டு போவும்."

"பாட்டு போவும்ண்ணே. ஸ்டார்ட்டர் கேக்கற கரண்ட்டு போனா உருகிடும். நம்ம கேபிளப் பாருங்க, விரல் மொத்தம்."

கேபிளைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். மரியாதை வந்தது முகத்தில். "உங்க மருமவ என்னா படிச்சிருக்கு மச்சான்?" என்று மாமாவைக் கேட்டார். அதற்கு முன் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

"கரண்ட்டு இன்ஜினியரு. எங்க வூட்டுல பல்பு மாட்ட மட்டும் வராது."

எட்டு முப்பத்தொன்று. ஆலையில் எந்த வேலையும் தொடங்கும் முன் பாதுகாப்பு விதிகளைச் சத்தமாகப் படிக்கும் பழக்கம் எங்களுக்கு. அதே குரல் வந்துவிட்டது. லோடு வண்டியைக் காருக்குப் பக்கத்தில் கொண்டு வர வேண்டும், ஆனால் இரண்டும் இடிக்கக் கூடாது. இரண்டிலும் என்ஜின் நிற்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போட வேண்டும். பீடியை அணைக்க வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும். கையில் உலோகம் கூடாது. நான் வளையலைக் கழற்றினேன். மாமா செப்புக் காப்பைக் கழற்ற மறுத்தார்.

"பதினெட்டு வருஷமா கழட்டல பாப்பா."

"ரெண்டு முனைக்கும் நடுவுல அது பட்டுச்சுன்னா கையோட வெந்துடும் மாமா."

கழற்றினார். சோப்புத் தண்ணி வேண்டியிருந்தது.

நான் எப்போதும் காரை ரிவர்ஸில் விட்டு, முகம் தெருவைப் பார்க்க நிறுத்துவேன். அது அன்றைக்கு உதவியது. லோடு வண்டி வாசலில் வந்து நின்றது. பானெட்டைத் தூக்கினேன். பேட்டரி வீங்கியிருக்கவில்லை, வெடிப்பு இல்லை, கசிவு இல்லை. ஆனால் அதன் தலை முழுக்கச் சந்தனம்.

போன ஆயுத பூஜைக்கு அம்மா வண்டிக்கு மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் பொட்டு வைத்து, பானெட்டைத் திறந்து உள்ளேயும் வைத்தாள். வண்டிக்கு உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நான்தான் ஒரு தடவை சொல்லியிருந்தேன். பேட்டரி முனை இரண்டுக்கும் தாராளமாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். சந்தனம் காய்ந்து ஓடாகி, கூட்டல் கழித்தல் குறிகளை மூடியிருந்தது. பாசிட்டிவ் முனைக்கு இருக்க வேண்டிய சிவப்பு மூடி எப்போதோ சர்வீஸில் தொலைந்திருந்தது. இரண்டு ஒயருக்கும் ஒரே கறுப்பு உறை. ஒரு முனையில் மட்டும் குங்குமம் இன்னும் பளிச்சென்று இருந்தது.

"செவப்புக்குச் செவப்பு," என்று மாமா சொல்லி, சிவப்புக் கவ்வியை வாய் திறந்து நீட்டினார்.

எனக்கும் அதுதான் தோன்றியது. இதை மறைக்கப் போவதில்லை. சிவப்பு என்றால் பாசிட்டிவ். அங்கே சிவப்பு இருக்கிறது. மணி எட்டு முப்பத்தெட்டு. கை அந்தப் பக்கம்தான் போனது. ஆனால் தொடுவதற்கு முன் அளந்து பார் என்பது மூன்று வருடத்தில் என் விரலுக்குள் போய்விட்ட ஒன்று. பையிலிருந்து வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். சிவப்பு முள்ளைக் குங்குமத்திலும் கறுப்பு முள்ளை மற்றதிலும் குத்தினேன்.

பத்து புள்ளி ஆறு. முன்னால் ஒரு சின்னக் கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றேன். கழித்தல். முள்ளைத் தலைகீழாகக் குத்தியிருக்கிறேன். குங்குமம் பளிச்சென்று இருந்தது நெகட்டிவ் முனையில். பாசிட்டிவ் முனையைத்தான் மெக்கானிக் கழற்றி மாட்டியிருக்கிறார், அங்கே குங்குமம் உதிர்ந்துபோயிருக்கிறது. மாமா கையில் இருந்த கவ்வி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"மாமா, கைய எடுங்க. மெதுவா."

எடுத்தார். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும், மைக் செட்காரரும் இரண்டடி பின்னால் போனார்.

"மாத்திக் குடுத்திருந்தா என்னா ஆவும்?" என்றார் மாமா.

"ரெண்டு பேட்டரியும் நேருக்கு நேர் மோதும். கேபிள் உருகும். பேட்டரி வெடிச்சாலும் வெடிக்கும்."

அம்மா படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நல்லதுக்குத்தானே வச்சேன்," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தேன். சந்தனம் பொரிந்து விழுந்தது. ஓடுக்கு அடியில் கூட்டல் குறி, சரியாக மற்ற முனைக்குப் பக்கத்தில். அதைப் பார்த்ததும், படித்தது எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

அப்புறம் கை தானாகப் போனது. முதலில் சிவப்பு, எங்கள் பாசிட்டிவில். சிவப்பின் மறுமுனை, லோடு வண்டியின் பாசிட்டிவில். கறுப்பு, லோடு வண்டியின் நெகட்டிவில். கடைசிக் கறுப்பை மாமா பேட்டரியிலேயே மாட்டச் சொன்னார். இல்லை என்று தலையாட்டி, பேட்டரியைவிட்டுத் தள்ளி, எங்கள் என்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் கவ்வினேன். மாட்டும்போது சின்னதாக ஒரு பொறி பறந்தது. அந்தப் பொறி வரும் என்றுதான் அதைத் தள்ளி மாட்டுவது.

"அண்ணே, வண்டிய எடுங்க."

லோடு வண்டி தடதடவென்று பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடம் அப்படியே ஓடட்டும் என்றேன். ஐந்து நிமிடம் நிற்பது மாமாவால் முடியவில்லை. பொட்டலங்களை எண்ணி டிக்கியில் அடுக்கினார். அப்பா போன் செய்தார். "எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்துட்டாரு. டீ குடிக்கிறாரு. நீங்க எங்க இருக்கீங்க?" அம்மா போனை வாங்கி, "வந்துட்டே இருக்கோம்," என்றாள். நாங்கள் வாசலில் இருந்தோம்.

எட்டு நாற்பத்தெட்டு. உள்ளே உட்கார்ந்தேன். அம்மாவும் பின்னால் ஏறிக்கொண்டாள். ஏசி, விளக்கு எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். சாவியைத் திருப்பினேன். ஒரு முறை முனகியது, இன்னொரு முறை இழுத்தது, பிறகு பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங் என் உள்ளங்கையில் அதிர்ந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் அம்மாவும்.

மாட்டிய வரிசையைத் தலைகீழாக வைத்துக் கழற்றினேன். என்ஜினிலிருந்து கறுப்பு, அந்த வண்டியின் கறுப்பு, அந்த வண்டியின் சிவப்பு, கடைசியாக எங்கள் சிவப்பு. மைக் செட்காரருக்கு அம்மா இரண்டு டிபன் பொட்டலம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, லோடு வண்டியை ஒதுக்கிவிட்டு, நேராக எதிர்வீட்டுக்கு ஓடினார். நாங்கள் தெருமுனை திரும்பும்போது பாட்டு நின்று, எங்கள் செம்மண்டலம் பகுதி முழுக்க அவர் குரல் கேட்டது: "நம்ம டீச்சர் அவர்கள் டாக்டர் பட்டத்துக்கு சிதம்பரம் பொறப்பட்டுப் போறாங்க. காதுகுத்து விழாக் குழுவின் சார்பா வாழ்த்துக்கள். வண்டி ஓடுது." அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சிதம்பரம் போகும்வரை என்ஜினை அணைக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. ஆலப்பாக்கம் தாண்டியதும் பெட்ரோல் விளக்கு எரிந்தது. காலையில் போகிற வழியில் போடுவதாக என் பட்டியலில் இருந்தது, வரிசை எண் ஒன்பது.

"பெட்ரோல் பங்குல நிறுத்து பாப்பா. என்ஜின ஓடவிட்டுக்கிட்டே போட்டுக்கலாம். எங்க பக்கம் அப்பிடித்தான்."

"உங்க பக்கம் பங்கு இன்னும் தீப்பிடிக்காம இருக்குதா மாமா?"

கணக்குப் போட்டேன். விளக்கு எரிந்த பிறகும் நான்கைந்து லிட்டர் இருக்கும். போக வேண்டியது முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஏசியை அணைத்தே வைத்து, அறுபதைத் தாண்டாமல் ஓட்டினேன். கண்ணாடியை இறக்கினோம். புதுச்சத்திரம் பக்கம் உப்புக் காற்று உள்ளே வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு முதல் ஸ்லைடிலிருந்து சொல்லத் தொடங்கினாள். மாமா ஒவ்வொரு ஸ்லைடுக்கும் "ம்" கொட்டினார். வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது முடிவுரை.

பத்து மணி எட்டு நிமிடத்துக்குச் சிதம்பரத்தில் இருந்தோம். அப்பா பல்கலைக்கழக வாசலிலேயே நின்றிருந்தார். அம்மாவும் அவரும் உள்ளே போனார்கள். மாமா பொட்டலங்களை இறக்கினார். நான் என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றேகால் மணி நேரம் ஓடியதில் பேட்டரி ஏறியிருக்கலாம். ஏறாமலும் இருக்கலாம். அணைத்தால் திரும்பக் கிளம்பும் என்று உறுதி சொல்ல முடியாது. பிறகு நினைத்தேன், இந்த வண்டிக்கு இன்றைக்கு இருந்தது ஒரே வேலை. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, உள்ளே ஓடினேன்.

கூடம் நிறைந்திருந்தது. அம்மா நாற்பது நிமிடம் பேசினாள். குரல் தடுமாறவில்லை. தேர்வாளர் நரைத்த தாடி, மெல்லிய ஆள். கேட்டுக்கொண்டே தாளில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். இரண்டு கேள்விகள் சாதாரணமாகப் போயின. மூன்றாவதாக, தமிழும் மலையாளமும் கலந்து கேட்டார்: "கூடையோடு ஏத்த மாட்டேன்னு பஸ் நிக்காமப் போறது ஒரு தொந்தரவு. சம்மதிக்கிறேன். ஆனா அது பொருளாதாரம் எப்படி?"

அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் விநாடிகளை எண்ணத் தொடங்கினேன். ஏழு வரை எண்ணியது நினைவிருக்கிறது. அப்பா முன் வரிசையில் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ் நிக்காதுன்னு அவுங்களுக்குத் தெரியும் சார்," என்றாள் அம்மா. அதுவரை பேசிய ஆங்கிலத்தை விட்டுவிட்டாள். "ஒரு பஸ் போயிடும், ரெண்டு பஸ் போயிடும்னு வச்சுத்தான் தினமும் அரை மணி முன்னாடியே வந்து நிக்கறாங்க. அந்த அரை மணியில பனிக்கட்டி கரையுது, மீன் விலை எறங்குது, வூட்டுல புள்ளைக்குச் சோறு ஊட்ட ஆளில்ல. அந்த அரை மணிக்கு யாரும் கூலி போடல. எந்தக் கணக்கெடுப்புலயும் அது வேலை நேரத்துல சேரல. என் ஆய்வு மீனப் பத்தி இல்ல. அந்த அரை மணியப் பத்தி."

தேர்வாளர் வரைவதை நிறுத்தினார். அம்மாவின் ஆய்வு வழிகாட்டியைப் பார்த்தார். எங்களை வெளியே போகச் சொல்லி, பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டு, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக எழுந்து நின்று அறிவித்தார். கைதட்டலாமா என்று எல்லோரும் யோசித்தபோது மாமா தட்டினார்.

பதினொன்றே முக்கால். தேர்வாளர் ரயிலுக்குப் போக வேண்டும். பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே, "கூடை இல்லாத நாள்ல அவங்க பஸ் ஸ்டாப்புக்கு எப்போ வருவாங்க?" என்று கேட்டார். அம்மா நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள். அவர் ஜிப்பை மறுபடி திறந்து, பேனாவை எடுத்தார்.